மிதவாதி என்னும் பெயர்: ‘மாடரேட்’ என்ற ஆங்கில அரசியற்சொல்லின் இந்திய வழக்கும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

‘மாடரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் இந்திய தேசியக் காங்கிரசில் ஓர் அணியின் பெயராக நிலைபெற்றது வங்கப் பிரிவினைக்குப் பின்னரே ஆகும். இருப்பினும் அதன் தமிழாக்கமாகிய ‘மிதவாதி’, 1885 முதல் காங்கிரசில் பணியாற்றிய தலைவர் அனைவருக்கும் உரிய இயற்பெயர்போல இன்று வரலாற்று நூல்களில் ஆளப்படுகிறது. இச்சொல் ஒரு கொள்கையைக் குறிப்பதன்று; ஒப்பீட்டில் பிறந்து, எதிரணியினராலும் ஆட்சியாளராலும் பொருளூட்டப்பட்ட பெயர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முதன்மைச் சொற்கள்: மிதவாதி, தீவிரவாதி, நிதானக் கட்சி, சூரத் பிளவு, கோகலே, பாரதி, சொல் வரலாறு.

முன்னுரை

விடுதலை இயக்கம் குறித்த தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில் ஒரு காலப்பகுப்பு மாறாமல் இடம்பெறுகிறது. 1885 முதல் 1905 வரை மிதவாதிகள் காலம், 1905 முதல் தீவிரவாதிகள் காலம், அதன்பின் காந்தியடிகள் காலம் என்பதே அது. பாடம் நடத்துவதற்கு எளிதான பகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் முதற்பகுதிக்கு இடப்பட்ட பெயர் அப்பகுதியில் வாழ்ந்தோர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. இரண்டாம் பகுதியில், பூசலின் நடுவே, மற்றோர் அணியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காக எழுந்த பெயர் முன்னைய இருபது ஆண்டுகளின்மீது பின்னோக்கிப் போர்த்தப்பட்டது. ஆய்வாளர் இதைக் கவனியாமல் எழுதும்போது, 1907ஆம் ஆண்டுப் பூசலில் ஒரு தரப்பு மறுதரப்பின்மீது கூறிய தீர்ப்பையே வரலாற்றுண்மையாகத் தம்மையறியாமல் வழிமொழிந்துவிடுகின்றனர். எனவே இச்சொல்லின் வழக்காற்றை அதன் ஆங்கில மூலத்திலிருந்து தொடங்கிக் காண்பது பயனுடையது.

ஆங்கிலத்தில் சொல்லின் நிலை

‘மாடரேட்’ என்பதன் வேர், அளவு எனப் பொருள்படும் ‘மோடஸ்’ என்னும் இலத்தீன் சொல். அளவிற்குள் நிறுத்துதல் என்பதே வினையின் முதற்பொருள். இப்பொருளில் இது பண்பைக் குறிக்கும் சொல், கட்சியைக் குறிப்பதன்று. ஆங்கிலத்தில் இது அணிப்பெயராக வழங்கிய குறிப்பிடத்தக்க களம் பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துத் திருச்சபை. வரலாற்றாசிரியரும் எடின்பரோப் பல்கலைக்கழக முதல்வருமான வில்லியம் ராபர்ட்சன் தலைமையில் இயங்கிய குருமார் அணி ‘மாடரேட்’ எனப்பட்டது. (இந்தியாவைப் பற்றிப் பண்டையோர் கொண்டிருந்த அறிவு குறித்து 1791இல் நூலெழுதியவரும் இவரே.) அவ்வணியினருக்கு இப்பெயர் பெருமையாக இருந்தது. ஜான் விதர்ஸ்பூன் போன்ற எதிரணியினரோ, பற்றுறுதி தளர்ந்த வெதுவெதுப்பான சமயம் என்ற பொருளில் அதே சொல்லை எள்ளி நகையாடினர். விதர்ஸ்பூனின் அங்கத நூல் 1753இல் வெளிவந்தது. ஒரே சொல் ஒரே ஊரில் புகழாகவும் இகழாகவும் வழங்கியமை நோக்கத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சியின் உச்சத்தில் இதற்கு நேரான பிரெஞ்சுச் சொல் குற்றச்சாட்டாகவே மாறிற்று. 1794 ஏப்ரலில் தாந்தோனும் அவருடைய நண்பர்களும் கொலைக்களம் சென்றபோது அவர்கள்மேல் சுமத்தப்பட்டவற்றுள் மிதப்போக்கும் ஒன்று.

நடுப்போக்கினரைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களோடு இதை ஒப்பிடுதல் தகும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் விக், டோரி என்னும் இரு கட்சியினரும் தம்மோடு முழுமையாகச் சேராதவரை ‘டிரிம்மர்’ என்றனர். காற்றுக்கேற்பப் பாயைத் திருப்புபவர் என்பது வசையாளர் கொண்ட பொருள். நம் வழக்கில் மதில்மேல் பூனை. ஹாலிஃபாக்ஸ் பிரபு அவ்வசையை மறுக்காமல் வேறு பொருள் காட்டினார். படகில் இருப்போர் ஒருபுறமே சாய்ந்து அமர, மற்றொருவர் மறுபுறம் எடையிட்டுப் படகைச் சமன் செய்வதே இச்சொல்லின் பொருள் என்று அவர் விளக்கிய நூல் 1688இல் அச்சேறியது. ‘சென்ட்ரிஸ்ட்’ என்பதோ பிரெஞ்சு அவையின் இருக்கை அமைப்பிலிருந்து பிறந்த சொல். வலமும் இடமும் இருப்பதால் நடு உண்டாயிற்று.

இம்மூன்றனுள் ‘டிரிம்மர்’ செயலையும், ‘சென்ட்ரிஸ்ட்’ இடத்தையும், ‘மாடரேட்’ அளவையும் அடிப்படையாகக் கொண்டவை. திருக்குறளின் நடுவுநிலைமை இவற்றுள் எதற்கும் நேரானதன்று. அது வழக்குத் தீர்ப்போன் எப்பக்கமும் சாயாமையைக் குறிக்கும் அறம். மாடரேட் அணியினரோ ஒரு பக்கத்தவர். தம் பக்கத்திற்காக வாதிட்டவர். இக்கால ஊடகத் தமிழில் ‘நடுநிலையாளர்’ என்னும் சொல் இவ்விரண்டு பொருளையும் ஒருசேரச் சுமந்து மயக்கம் விளைவிக்கிறது.

அப்பெயர் பிறவாத காலம்

பின்னாளில் மிதவாதிகள் எனப்பட்டோரை அவர்தம் காலத்து ஆட்சியாளர் எங்ஙனம் கண்டனர்? 1887ஆம் ஆண்டு சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் மூன்றாம் காங்கிரஸ் கூடியது. அதனையொட்டி எம். வீரராகவாச்சாரியார் தமிழில் வினாவிடை வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். காங்கிரசு என்றால் என்ன, மக்களுக்குப் பிரதிநிதிகள் ஏன் வேண்டும் என்பவற்றை எளிய முறையில் விளக்கும் நூல் அது. அதன் ஆங்கில வடிவம் அதிகாரிகளின் கையை எட்டியபோது, வெறுப்பைத் தூண்டும் எழுத்து என்று கண்டிக்கப்பட்டது. 1888இல் வடமேற்கு மாகாண ஆளுநர் ஆக்லண்டு கால்வினுக்கும் ஹியூமுக்கும் நடந்த கடித வாதத்தில் இவ்வகைத் துண்டு நூல்கள் முதன்மையான குற்றச்சாட்டாயின. அவ்வாண்டு நவம்பரில் டஃபரின் பிரபு, காங்கிரசாரை நுண்பெருக்கியால் காணத்தக்க சிறுபான்மையர் என்று இகழ்ந்தார். மன்றாடுவோர், மனுச் செய்வோர் என்று பிற்காலப் பாடநூல்கள் அடையாளப்படுத்தும் ஒரு தலைமுறை, தன் காலத்தில் இராசநிந்தனையின் எல்லையில் நிற்பதாகக் கருதப்பட்டது.

சுரேந்திரநாத் பானர்ஜியின் வாழ்வும் இதற்குச் சான்று. 1883இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் இரண்டு மாதம் சிறை சென்ற இதழாளர் அவர். 1906இல் பாரிசால் மாநாட்டின்போதும் கைதானார். அடுத்த ஆண்டு சூரத்தில் அவர் ‘மிதவாதி’. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அவருடைய கொள்கை பெரிதும் மாறியதாகத் தோன்றவில்லை. அவருக்கு அப்பால் நிற்பதற்கு வேறொரு கூட்டம் வந்துவிட்டது என்பதே மாற்றம்.

திலகரும் கோகலேயும் தந்த விளக்கங்கள்

இந்த ஒப்பீட்டுத் தன்மையை முதலில் வெளிப்படையாகச் சொன்னவர்களுள் திலகர் முதன்மையானவர். 1907 சனவரி 2ஆம் நாள் கல்கத்தாவில் புதிய கட்சியின் கொள்கைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை, ‘மாடரேட்’, ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என இரண்டு புதிய சொற்கள் அண்மையில் வழக்கிற்கு வந்துள்ளன என்னும் குறிப்போடு தொடங்குகிறது. இச்சொற்கள் காலத்தைச் சார்ந்தவை. இன்றைய தீவிரர் நாளை மிதவாதியாவர், இன்றைய மிதவாதிகள் நேற்றுத் தீவிரராக இருந்தவர்களே என்பது அவர் வாதம். தாதாபாய் நௌரோஜி தம் கருத்துகளை முதன்முதல் வெளியிட்டபோது அவரையும் தீவிரர் என்றே அழைத்தனர் என்று அவர் சான்றும் காட்டினார். சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இவ்வுரை இருவகையில் பயன்படுகிறது. 1907இன் தொடக்கத்திலும் இச்சொற்கள் புதியனவாகவே உணரப்பட்டன என்பது ஒன்று. அவற்றை ஆண்ட அரசியலாளரே அவற்றின் நிலையாமையை உணர்ந்திருந்தனர் என்பது மற்றொன்று.

அடுத்த மாதம் அலகாபாத்தில் கோகலே ஆற்றிய உரை இதைவிடக் குறைவாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அரசியற்சட்ட முறைக்கு உட்பட்ட கிளர்ச்சி என்பதன் எல்லையை அவர் அதில் வரையறுத்தார். கலகம், அந்நியப் படையெடுப்பிற்குத் துணைபோதல், குற்றச்செயல் ஆகிய மூன்றும் விலக்கு. ஏனைய யாவும் அவ்வெல்லைக்குள் அடங்கும் என்பது அவர் கூற்றின் சாரம். ஒரு முனையில் மனுச் செய்தலும், மறுமுனையில் அமைதியான எதிர்ப்பும், அதன் உச்சமாக வரி கொடாமையும்கூட அதனுள் அடங்கின. வரி கொடாமையைக் கொள்கையளவில் ஏற்ற ஒருவரை மிதமாகப் பேசுபவர் என்று மட்டும் குறிப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை ஆய்வுலகம் எண்ணிப்பார்க்க வேண்டும். கோகலே அம்முறையை நடைமுறைப்படுத்தவில்லை என்பதும் உண்மையே. ஆனால் நாடு அதற்கு ஆயத்தமாகவில்லை என்ற காலக்கணிப்பு வேறு. அது தகாது என்ற கொள்கை வேறு. ‘மிதவாதி’ என்னும் சொல்லில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

1907 டிசம்பரில் சூரத்தில் ராஷ் பிகாரி கோஷ் தலைமையில் கூடிய காங்கிரசு கலவரத்தில் முடிந்ததும், மேடை நோக்கி வீசப்பட்ட காலணி மேத்தாவின்மீதும் பானர்ஜியின்மீதும் பட்டதும் பலரும் எழுதியவை. பெயர் வரலாற்றில் அதைவிட முக்கியமானது 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் வகுக்கப்பட்ட விதி. பேரரசின் தன்னாட்சி நாடுகளுக்கு ஒத்த ஆட்சி, அதை அரசியற்சட்ட முறையில் அடைதல் என்னும் கோட்பாட்டை எழுத்து மூலம் ஏற்றவரே இனிப் பேராளர் ஆகலாம். அதுவரை தளர்ந்த ஒப்பீடாக இருந்தது இப்போது கையொப்பமிட்ட எல்லையாயிற்று.

ஆட்சியாளர் அதே வேளையில் இச்சொல்லைத் தம் கருவியாக்கினர். மிதவாதிகளை அரசின் பக்கம் திரட்டுவது மார்லி, மிண்டோ ஆகியோரின் கொள்கையில் இன்றியமையாத கூறு. 1908 சூலையில் திலகருக்கு ஆறாண்டுச் சிறை; 1909இல் சட்டமன்றச் சீர்திருத்தம். தண்டனையும் சலுகையும் இணைந்து வந்தபோது ‘மாடரேட்’ என்பது சலுகைக்கு உரியவரின் பெயராக மக்கள் மனத்தில் பதிந்தது. அவ்வணியின் செல்வாக்கிற்கு இதைவிடப் பெரிய கேடு எதிரணியினராலும் விளைந்திருக்க இயலாது என்பது என் கருத்து.

இந்திய மொழிகளில் பெயர்ப்பு

ஓர் அயற்சொல்லை ஒரு மொழி எவ்வாறு பெயர்க்கிறது என்பதில் அம்மொழியினரின் மதிப்பீடும் புலப்படும். மராத்தியில் ‘மவாள்’, ‘ஜஹால்’ என்றனர்; முன்னது மென்மை, பின்னது கடுமை. இந்தியில் ‘நரம் தள்’, ‘கரம் தள்’, மென்மையும் சூடும். வங்காளத்தில் ‘நரம்பந்தி’, ‘சரம்பந்தி’, மென்னெறியும் இறுதிநெறியும். கன்னடத்தில் ‘மந்தகாமி’, ‘தீவ்ரகாமி’. மெல்ல நடப்போரும் விரைந்து நடப்போரும். தெலுங்கிலும் மலையாளத்திலும் தமிழைப் போலவே ‘மிதவாதி’. மென்மை என்ற வழக்கு மனத்திட்பமின்மையைச் சுட்டுகிறது. மெல்ல நடத்தல் என்பது, போகும் இடம் ஒன்றே, வேகம் மட்டும் வேறு என்கிறது. கன்னட வழக்கே திலகரின் விளக்கத்திற்கு மிக நெருங்கியது எனலாம்.

‘மிதவாதி’ என்னும் வடசொல்லாக்கத்தில் ‘மிதம்’ அளவிடப்பட்டது என்னும் பொருளது. ஆகவே இலத்தீன் வேருக்கு ஏறத்தாழ நேரானது. ஆனால் ‘வாதி’ சேர்ந்தவுடன் பொருள் பேச்சின்மேல் சென்றுவிடுகிறது. அளவறிந்து தன்னைக் கட்டுப்படுத்துபவர் என்பது மறைந்து, அளவாகப் பேசுபவர் என்பது எஞ்சுகிறது. பேச்சளவில் நின்றவர் என்ற பழிக்கு அடுத்த படி அது. இதனை வசையாக மட்டுமே அக்காலத்தார் கொண்டனர் என்பதும் சரியன்று. 1907இல் தலைச்சேரியிலிருந்து மூர்க்கோத்து குமாரன் நடத்திய மலையாள இதழ் ‘மிதவாதி’ என்பதையே தன் பெயராகச் சூடியது. குமாரன் ஆசானின் ‘வீணபூவு’ அவ்விதழில் முதலில் வெளிவந்தது 1907 டிசம்பரில். சூரத் பிளவு நிகழ்ந்த அதே மாதம்.

தமிழில் பாரதி வழங்கிய சொல் வேறு: ‘நிதானக் கட்சியார்’. புதிய கட்சித் தலைவரை நோக்கி நிதானக் கட்சியார் சொல்வதாக அமைந்த ‘நாம் என்ன செய்வோம்’ என்னும் பாடலின் தலைப்பில் இதனைக் காணலாம். நிதானம் தமிழில் நற்பண்பு. பதற்றமின்மையும் ஆராய்ந்து செய்தலும் அதன் பொருள். அப்பண்பின் பெயராலேயே அழைத்து, அவர்களையே பேசவைத்து, அப்பேச்சில் செயலின்மையை வெளிப்படுத்துவது பாரதியின் அங்கத முறை. ‘மிதவாதி’ என்னும் சொல்லில் இந்த நகைப்பு இல்லை. நகைப்பு உதிர்ந்து தீர்ப்பு மட்டும் எஞ்சிய சொல்லே ஆய்வு வழக்கில் நிலைத்தது.

சென்னையில் கலங்கும் எல்லைகள்

இரு பெட்டிகளாகப் பிரிக்கும் முறை சென்னை மாகாணத்து ஆளுமைகளிடம் அடிக்கடி தோற்கிறது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1885இல் பம்பாயில் காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். அதே மனிதர் ‘சுதேசமித்திரன்’ கட்டுரைகளுக்காக 1908இல் இராசநிந்தனை வழக்கில் கைதானார். அவர் எக்காலத்தவர், எவ்வணியினர்?

மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் ஐயத்திற்கு இடமில்லாத மிதவாதி. புதிய கட்சியாரின் கண்டனத்திற்கு ஆளானவர். பாரதியின் தேசப்பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்து, 1907இல் அவற்றுள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவரும் அவரே என்று பாரதி வரலாற்றாசிரியர் குறிப்பர். ஆர்பத்நட் வணிக நிறுவனம் 1906இல் வீழ்ந்தபின், இந்தியர் முதலீட்டில் 1907இல் இந்தியன் வங்கி தோன்ற முன்னின்றவர்களுள் ஒருவரும் அவர். சுதேசியம் என்பதைத் தூத்துக்குடிக் கப்பல் நிறுவனத்தோடு மட்டும் இணைத்துப் பேசும் நம் வழக்கில் இந்த வங்கிக்கு இடமில்லாமற்போனதற்கு, அதன் நிறுவனர்மீது ஒட்டிய பெயரும் ஒரு காரணமாகலாம். 1909இல் அவர் உயர்நீதிமன்ற நீதிபதியானதும், பின்னர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் அமர்ந்ததும் எதிரணியின் ஐயத்தை உறுதிப்படுத்தின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெயர் துறத்தல்

1916 லக்னோ காங்கிரசில் இரு அணிகளும் ஒன்றுகூடின. ஆனால் மாண்டேகு–செம்சுபோர்டு அறிக்கை 1918இல் வெளியானதும் மீண்டும் பிரிவு நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் பம்பாயில் சுரேந்திரநாத் பானர்ஜி தலைமையில் தனி மாநாடு கூடியபோது, அது மிதவாதிகளின் அனைத்திந்திய மாநாடு என்றே அறியப்பட்டது. பத்தாண்டுக் காலம் பிறர் அழைத்த பெயரை அவர்கள் தம் பெயராக ஏற்ற வேளை அது. அடுத்த ஆண்டிலேயே அப்பெயர் கைவிடப்பட்டுத் தேசிய லிபரல் கூட்டமைப்பு என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. சென்னையின் பி.எஸ். சிவசாமி ஐயரும், வலங்கைமானில் பிறந்து கோகலேக்குப்பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரான வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் இதன் முன்னணியினர். ‘லிபரல்’ என்பது ஒரு கொள்கையின் பெயர், ‘மாடரேட்’ அவ்வாறன்று. அவ்வேறுபாட்டை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தமிழ் எழுத்தில் மட்டும் சாஸ்திரியார் இன்றுவரை மிதவாதியாகவே இருக்கிறார்.

பிற்கால வழக்கு

எதிரிணைச் சொல்லின் கதை வேறுவகையில் அமைந்தது. ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்பதற்கு வழங்கிய ‘அமிதவாதி’ மறைந்து, ‘தீவிரவாதி’ நின்றது. அது வ.உ.சி.யைக் குறித்த சொல். இன்று நாளிதழ்களில் வெடிகுண்டு வைப்போரைக் குறிக்கும் சொல். இம்மாற்றம் மாணவரிடையே விளைவிக்கும் குழப்பம் வெளிப்படையானது. அதனாலேயே மேல்நிலை வரலாற்றுப் பாடநூலில் ‘தீவிர தேசியவாதம்’ என்னும் தொடர் இடம்பெறுகிறது. தேசியவாதம் என்னும் சொல் சேர்ந்ததால் ஓர் அணிக்கு அதன் கொள்கைப்பெயர் மீண்டும் கிடைத்தது.

‘மிதவாதி’ ஈழத்தமிழ் அரசியலில் மீண்டும் உயிர்பெற்றபோது திலகர் சொன்ன காலச்சார்பு கடுமையான வடிவில் வெளிப்பட்டது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியவர்கள், அன்றைய இலங்கை அரசின் பார்வையில் மிதமானவரல்லர். ஆயுத இயக்கங்கள் வளர்ந்த 1980களில் அதே தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் ஆங்கில இதழ்களில் ‘மாடரேட்’டுகளும் தமிழில் மிதவாதிகளும் ஆயினர். தீர்மானம் திரும்பப் பெறப்படாத நிலையிலேயே பெயர் மாறியது. 1989 சூலையில் அ. அமிர்தலிங்கமும் 1999 சூலையில் நீலன் திருச்செல்வமும் கொல்லப்பட்டபோது, மிதவாதி என்னும் சொல் ஒரு சாராரின் வாயில் இரங்கலாகவும் மறுசாராரின் வாயில் குற்றச்சாட்டாகவும் ஒலித்தது. ஸ்காட்லாந்துக் குருமாரிடையே அச்சொல் பெற்ற இருமுகம் இங்கு உயிர்விலையோடு திரும்பியது.

இந்நிலையில், 1905க்கு முற்பட்ட காங்கிரசாரைக் குறிக்கத் ‘தொடக்கக்காலக் காங்கிரசார்’ என்பதும், சூரத்திற்குப் பிற்பட்ட அணியைக் குறிக்க 1908ஆம் ஆண்டு விதியை அடியொற்றி ‘அரசியற்சட்ட நெறியினர்’ என்பதும் பொருந்தும் சொற்களாகும். ‘மிதவாதி’, ‘நிதானக் கட்சியார்’ என்னும் சொற்களை ஆய்வேட்டில் ஆளும் இடங்களில், அவை யார் வாய்மொழி, எவ்வாண்டு வழக்கு என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.